யாரென்று சொல்லாத வாக்கியம்

கஞ்சி கொதித்து அடங்கியிருந்தது. துணியில் வடித்துத் தூக்குச் சட்டியில் ஊற்றிவிட்டு, உப்புப் போடலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டைபாய்டு ஜுரக்காரர்களுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் நாளுக்கு ஒரு விதமாகச் சொல்வார். வாசலில் சைக்கிளைச் சாய்க்கும் சத்தம் கேட்டது. அண்ணன் உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே, "மணி, கஞ்சி வேணாம்" என்றார்.

"ஏன்டா, இன்னிக்கும் துன்னமாட்டேன்றாளா?" என்று அம்மா அடுப்பு மூலையிலிருந்து கேட்டார்கள்.

அண்ணன் சைக்கிள் கைப்பிடியில் தொங்கிய பையைக் கழற்றி உள்ளே வைத்தார். அதில் அண்ணியின் சீப்பும், மாற்றுப் புடவையும், அரையாகத் தேய்ந்த சோப்பும் இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து பொருள்கள் திரும்பி வந்துவிட்டன, ஆள் வரவில்லை என்பதை அம்மா அந்தப் பையைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். அப்புறம் எழுந்த அழுகை தெருக்கோடிவரை கேட்டிருக்கும். சித்தூரில் எங்கள் சபையார் பலருக்கும் அந்த அழுகையின் மூலமே செய்தி எட்டியது என்று நினைக்கிறேன்.

சபைப் பத்திரிகைக்கு எழுதும்படி போதகர் ஐயா என்னிடம்தான் சொன்னார். "கூட இருந்தவ நீதானே. வாயால சொல்ல வரலன்னா எழுதிக் குடு" என்றார். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் அண்ணியை அறியாதவர்களுக்கு அவர்கள் யார் என்று யாராவது சொல்ல வேண்டும். அறிந்தவர்களில் சிலருக்கு அவர்களைப் பற்றித் தவறாகத் தெரியும். அதனாலும் எழுதுகிறேன்.

என் அண்ணி சுகிர்தம் சத்தியவேட்டை அடுத்த ஒரு சிறிய கிராமத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய தகப்பனார் அங்கே வேர்க்கடலை பயிரிடும் விவசாயி. பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர். ஒரே மகள் என்பதால் மதராஸுக்கு அனுப்பிக் கல்லூரியில் படிக்கவைத்தார். அங்கேதான் அண்ணி இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தார்கள். தமிழ் எடுத்திருக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "அந்தக் கிளாஸ் நிறைஞ்சுபோச்சு மணி. இதுல இடம் இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம். அப்புறம்தான் பிடிச்சுது" என்றார்கள்.

சித்தூர்க் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் என் அண்ணன் ஆசீர்வாதத்துக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்போதே ஆந்திர மாநிலம் பிரிந்து, சித்தூர் அதில் சேர்ந்து, நாங்கள் ஆந்திராக்காரர்கள் ஆகியிருந்தோம். அண்ணியின் ஊர் மட்டும் மதராஸ் பக்கமே இருந்தது. திருப்பதியில் புதிதாக வந்த பல்கலைக்கழகத்தில் மொழியியல் சொல்லித் தருகிறார்கள், பிரெஞ்சும் உண்டு என்று கேள்விப்பட்டு, அண்ணி மேற்கொண்டு படிக்க ஆசைப்பட்டார்கள்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "கல்யாணம் ஆன பொண்ணுக்கு இன்னும் இன்னாடா படிப்பு? அதுவும் வெள்ளக்காரன் போனப்புறம் வெள்ளக்காரன் பாஷ!"

"இது வேற வெள்ளக்காரன் பாஷம்மா" என்றார் அண்ணன்.

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தனியாக அனுப்ப முடியாது என்றார்கள். அந்த வருடம்தான் எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவை எடுத்துவிட்டு எல்லாப் பாடங்களையும் தெலுங்கில் நடத்தத் தொடங்கினார்கள். எனக்கு வகுப்பில் வாயைத் திறக்கவே பயம். தெலுங்கில் எப்படித் திறப்பது? நின்றுவிட்டேன். ஆகவே அண்ணிக்குத் துணையாகவும் சமையலுக்காகவும் என்னைத் திருப்பதிக்கு அனுப்பினார்கள்.

ரங்கம்மா என்ற தெலுங்குக்கார அம்மாள் வீட்டின் பின்பகுதியில் ஓர் அறை. விடியும்போதே அவர், "ஏம்மா அரவப் பில்லலூ, லேச்சாரா?" என்று சத்தம் போடுவார். அரவம் என்றால் அங்கே தமிழ். தமிழ்ப் பிள்ளைகளே எழுந்தாச்சா என்று அர்த்தம். அன்பாகத்தான் கேட்பார். ஆனால் அதே சொல்லைக் கடைத்தெருவில் வேறு மாதிரியும் சொல்வார்கள்.

"மெட்ராஸ் காலேஜ்ல என் பேச்சக் கேட்டுட்டு தெலுங்குக்காரி, கொல்ட்டின்னு கூப்பிட்டாங்க. இங்க வந்தா அரவம்ன்றாங்க" என்று அண்ணி சிரிப்பார்கள். "பிரெஞ்சுல நான் தப்பாப் பேசினா, தப்பாப் பேசறேன்னு மட்டும்தான் சொல்வாங்க. எந்த ஊருன்னு கேக்கமாட்டாங்க. அதான் எனக்கு அந்த பாஷ பிடிச்சிருக்குது."

அந்த மொழியில் பல சொற்களை மூக்கால் முடிக்க வேண்டுமாம். அண்ணி காலையில் கண்ணாடி முன் நின்று மூக்கைப் பிடித்தும் விட்டும் பழகுவார்கள். ரங்கம்மா ஜலதோஷம் என்று நினைத்து மிளகுக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணி மறுக்காமல் குடித்தார்கள். மறுநாளும் கஷாயம் வந்தது. "இனிமே மொட்டை மாடிலதான் படிக்கணும். இல்லன்னா வயிறு வெந்துடும்" என்றார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டே இருப்பார்களாம். பேசாமல் சாப்பிட்டால் சமைத்தவருக்கு மரியாதைக் குறைவாம். வகுப்பில் சொன்னதை அண்ணி வீட்டில் நடத்திப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டிலோ சாப்பிடும்போது பேசினால் அடி விழும். "மணி, ஏதாவது ஒண்ணு சொல்லு. அப்பதான் ரசம் ஊத்துவேன்" என்பார்கள். நான் தட்டையே பார்த்துக்கொண்டு, "கோயி கத்துச்சு" என்பேன். அதற்கே அண்ணிக்கு முகம் மலரும். "கோழின்னு எழுதற, கோயின்னு பேசற. பாத்தியா! வாழைப்பழம் சொல்லு?"

"வாயப்பயம்."

எனக்கு வெட்கமாக இருக்கும். ஏளனம் செய்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. "தப்புன்னு நெனைக்காத. எங்க படிப்புல எது சரின்னு கேக்கறதே இல்ல. எது இருக்குதுன்னுதான் கேப்போம். இருக்கறத இருக்குதுன்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை சேக்கக் கூடாது, ஒண்ணு குறைக்கவும் கூடாது" என்றார்கள். மொழியியல் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்த ஒரு வாசகம் அண்ணியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

எல்லைத் தகராறு அப்போது முற்றியிருந்தது. எந்தக் கிராமம் மதராஸுக்கு, எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு என்று விசாரிக்க ஓர் அதிகாரி ஊர் ஊராக வருகிறார் என்றார்கள். அண்ணியின் ஊரிலும் விசாரணை என்று ஆள் வந்து சொன்னார். "நம்ம ஊர்ப் பொண்ணு யூனிவர்சிட்டில பாஷையே படிக்குது. அது வந்து பேசட்டும்" என்று ஊரார் முடிவு செய்திருந்தார்கள். அண்ணியின் தகப்பனாருக்கு அதில் தாங்க முடியாத பெருமை. அண்ணியோடு நானும் போனேன்.

ஊருக்குள் நுழையும்போதே விசித்திரமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் தகப்பனை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஊரிலும் அப்படித்தான். ஆனால் அன்றைக்குப் பையன்கள் எல்லாரும், "டேய், உங்க அப்பா வராருடா!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். "எங்க அப்பாவா? யாருடா அது?" என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஊர்த்தலைவர் ஏகாம்பரம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். "அதிகாரி கேட்டா அப்பான்னு சொல்லணும். யாராவது நைனான்னு வாயத் தொறந்தீங்க, ஊரு போச்சு. தெலுங்கு ஊருன்னு எழுதிக்கினு போயிடுவாங்க."

"ஏன்யா, எங்க நைனா செத்து எத்தினியோ வருசமாச்சே, அவரயுமா?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"செத்தவரும் அப்பாதான்!"

பள்ளிக்கூடத்தில் விசாரணை நடந்தது. அந்த அதிகாரிக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. ஆங்கிலத்தில் கேட்பார், ஒருவர் மொழிபெயர்ப்பார். ஆந்திரா கேட்பவர்கள் ஒரு பக்கம், மதராஸ் கேட்பவர்கள் ஒரு பக்கம். முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து, யாரோடு வந்தாய் என்று அவர் சிரித்தபடி கேட்டார். அது, "நைனாவோட" என்று சொல்லிவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "இல்ல, இல்ல, அப்பாவோட!" என்றது. ஆந்திரா பக்கம் ஒரே சிரிப்பு. சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் தரப்பில் ஒருவர் எழுந்து சொன்னார். ஏகாம்பரத்தின் முகம் கறுத்துவிட்டது. உடனே அண்ணியைக் கூப்பிட்டார்.

அண்ணி எழுந்து போனார்கள். அவர்களுடைய தகப்பனார் வாசல் ஓரத்தில் துவைத்த துண்டைத் தோளில் போட்டு நின்றிருந்தார். நைனா என்பது சுத்தத் தமிழ்ச் சொல் என்று அண்ணி சொல்ல வேண்டும். ஊர் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அண்ணி ஆங்கிலத்தில் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு பஸ்ஸில் எனக்குச் சொன்னார்கள். நைனா என்ற சொல் தெலுங்கிலிருந்து வந்தது. வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்து என்ன பேசுகிறார்கள் என்று பாருங்கள்: "நைனா எங்க போயிக்கினு இருக்கற" என்பதில் அந்த ஒரு சொல் போக மீதி எல்லாம் தமிழ், வாக்கியத்தின் எலும்பு தமிழ். பக்கத்து வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டதால் ஆள் மாறிவிடமாட்டான். இவர்கள் தமிழர்கள். இதுதான் அவர்கள் சொன்னது.

மொழிபெயர்ப்பவர் கூட்டத்தைப் பார்த்து முதல் வாக்கியத்தைச் சொன்னார். "நைனா தெலுங்கு வார்த்தைதான்னு இந்த அம்மா சொல்றாங்க." அவ்வளவில் ஆந்திரா பக்கம் கைதட்டல் எழுந்தது. மீதி யார் காதிலும் விழவில்லை. அண்ணி திரும்பித் தமிழில் சொல்ல முயன்றார்கள். தட்டிய கைகள் நிற்கவில்லை.

நான் பார்த்தது அவர்களுடைய தகப்பனாரை. தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். மறுபடி மடித்தார். அப்புறம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பல மாதங்கள் கழித்து முடிவு வந்தது. அந்த ஊர் ஆந்திராவுக்கு என்று ஆயிற்று. அதிகாரிகள் ஜனத்தொகைக் கணக்கையும் வரைபடத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், ஒரு மாணவியின் பேச்சால் ஊர் மாறாது என்று அண்ணியின் பேராசிரியர் சொன்னார். அண்ணன் சொன்னார். போதகர் ஐயாவும் சொன்னார். ஆனால் அந்த ஊரில் யாரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை. கைதட்டலைக் கேட்டிருந்தார்கள்.

செய்தி வந்த வாரமே அண்ணி ஊருக்குப் புறப்பட்டார்கள். நானும் கூடப் போனேன். கிணற்றடியில் ஒரு பெண், "வாம்மா, புகுந்த ஊரு ஆந்திரா ஆச்சு, பொறந்த ஊரயும் கையோட இட்டுக்கினு போயிட்டியே!" என்றாள். அண்ணி தலைகுனிந்து நடந்தார்கள்.

வீட்டு முற்றத்தில் அண்ணியின் தகப்பனார் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி போய்ப் பக்கத்தில் குந்தி, "நைனா" என்றார்கள்.

அவர் நிமிரவில்லை. "யாரக் கூப்பிடற?"

"உங்களத்தான் நைனா."

"அது தெலுங்கு வார்த்தையாமே. எனக்குத் தெலுங்கு தெரியாதும்மா. என்ன அப்படிக் கூப்பிடாத."

புத்தூர்ச் சந்தையில் தெலுங்கிலேயே பேரம் பேசிக் கடலை விற்கிறவர் அவர். அண்ணியின் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "இன்னா பேச்சு இது, பெத்த பொண்ணுகிட்ட" என்றார்கள். அவர் கடலையைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

அண்ணி மெதுவாக, "அப்பா" என்றார்கள்.

எனக்கே அது கேட்க நன்றாக இல்லை. வேறு யார் வீட்டிலோ போய் நின்று கூப்பிட்டதுபோல் இருந்தது. அவர் அப்போது நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, அடிபட்டவர் பார்ப்பதுபோல் பார்த்தார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நாங்கள் பஸ் ஏறும்வரை திரும்பி வரவில்லை.

அதன் பிறகு அண்ணி அவரை எந்தப் பெயராலும் குறிப்பிட்டு நான் கேட்கவில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால், "நல்லா இருக்காங்களா? காலு வலின்னாங்களே, டாக்டர்கிட்ட போனாங்களா?" என்று விசாரிப்பார்கள். கேட்பவருக்கு யாரென்று புரிந்துவிடும். பேச்சில் ஒரு பள்ளம் விழுந்து, அதை அண்ணி ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போவதுபோல் எனக்குத் தோன்றும். படிப்பில் மட்டும் முன்னைவிடத் தீவிரமாக இருந்தார்கள். பரீட்சையில் தேறினால் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு வருடம் படிக்க வாய்ப்பு உண்டு என்று அவர்களுடைய பிரெஞ்சு ஆசிரியர் சொல்லியிருந்தார். தேறிவிட்டு நேரே ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அப்போது எப்படியும் பேசிவிடுவார் என்று அண்ணி நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆசிரியர் பாண்டிச்சேரிக்காரர். ஐயா என்ற பொருளில் மாணவர்கள் முசே என்று கூப்பிடுவார்கள். வகுப்பில் அண்ணி ஒருவர்தான் பெண் என்பதால் நானும் கடைசி பெஞ்சில் உட்கார அனுமதி வாங்கியிருந்தோம். ஒருநாள் அவர் எல்லாரையும் எழுந்து நின்று தங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். வாய்மொழிப் பரீட்சைக்கு அது அவசியமாம். பையன்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பிரெஞ்சில் தகப்பனுக்குப் 'பேர்' என்று சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

அண்ணியின் முறை வந்தது. எழுந்தார்கள். தாயைப் பற்றி, புருஷனைப் பற்றி, என்னைப் பற்றிக்கூட ஏதோ சொன்னார்கள். என் பெயர் கேட்டது. பிறகு "மோன்" என்றார்கள். 'என்னுடைய' என்று அதற்குப் பொருள். அங்கேயே நின்றுவிட்டார்கள்.

முசே காத்திருந்தார். பிறகு தமிழில், மெல்லிய குரலில், "தகப்பனார் இறந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல முசே. இருக்காங்க."

"அப்ப சொல்லுங்க."

"மோன்" என்று அண்ணி மறுபடி ஆரம்பித்தார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முசே வேறு பாடத்துக்குப் போய்விட்டார்.

திரும்பி நடந்து வரும்போது அண்ணியே சொன்னார்கள். "தமிழ்ல வந்தாங்க, போனாங்க, சாப்பிட்டாங்கன்னே ஆயுசு முழுக்க ஓட்டிடலாம் மணி. யாருன்னு சொல்லவே வேணாம். அந்த பாஷையில முடியாது. யாருன்னு மொதல்ல சொன்னாத்தான் வாக்கியம் நிக்கும்." கொஞ்ச தூரம் போய், "யாரும் எந்த ஊருன்னு கேக்கமாட்டாங்கன்னு போனேன். அங்கயும் வந்து கேக்குறாங்க பாரு" என்றார்கள்.

பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஜுரம் கண்டது. சாதாரண ஜுரம் என்று ரங்கம்மாவின் கஷாயத்தைக் குடித்துக்கொண்டே படித்தார்கள். இறங்கவில்லை. அண்ணன் வந்து சித்தூருக்கு அழைத்துப்போய் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டைபாய்டு என்றார்கள். அண்ணியின் ஊருக்குத் தந்தி கொடுத்தோம்.

அண்ணன் கோர்ட்டுக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே இருந்தார். நான் கால்மாட்டில் இருப்பேன். ஆரம்பத்தில் அண்ணிக்கு நினைவு தெளிவாக இருந்தது. கதவு அசைந்தால் கண்ணைத் திறந்து, "வந்துட்டாங்களா?" என்பார்கள். "இல்ல அண்ணி" என்பேன். கண்ணை மூடிக்கொள்வார்கள். யாரைக் கேட்கிறார்கள் என்று நர்ஸ் ஒருநாள் கேட்டார். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நினைவு மங்கிய பிறகும் உதடு அசைவது தெரிந்தது. அருகில் குனிந்தால் அதே கேள்வி. பிரெஞ்சும் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. அதுதான் வந்தது.

கடைசிக் காலையில் கஞ்சி காய்ச்ச நான் வீட்டுக்கு வந்திருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அண்ணியின் தகப்பனார் வந்தபோது சவப்பெட்டியை மூடப் போய்க்கொண்டிருந்தார்கள். தந்தி எல்லைக் குழப்பத்தில் சுற்றிப் பல நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. கிடைத்த அன்றே மனைவியையும் அழைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ஊர் இந்தப் பக்கம் வந்த பிறகு பழைய மதராஸ் பஸ் நின்றுபோயிருந்தது; புது பஸ் இன்னும் ஒழுங்காக ஓடவில்லை. பாதி வழி நடந்து, நாராயணவனத்தில் காத்திருந்து, புத்தூரில் காத்திருந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள். அண்ணியின் அம்மா மகள்மேல் விழுந்து அழுதார்கள். அவர் அழவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். நான் பூக்கூடையை எடுக்கப் போனேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவரோடு நான் அதற்கு முன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"நீதானே கூட இருந்த? என்னக் கேட்டாளா?"

"கேட்டாங்க மாமா."

"என்னன்னு கேட்டா? என்ன வார்த்த சொன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். நைனா எங்கே என்று கேட்டார்கள் என்று சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்று சொன்னவர்கள் அங்கே படுத்திருந்தார்கள். "வார்த்த ஒண்ணும் சொல்லல மாமா. வந்துட்டாங்களான்னுதான் கேட்டுக்கினே இருந்தாங்க. யாருன்னு சொல்லல."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப உங்க அண்ணனக் கேட்டிருப்பா" என்றார்.

"அண்ணன் பக்கத்துலயேதான் இருந்தாரு மாமா."

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மண்மேட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, சரியா நெனச்சுச் சொல்லு. வந்துட்டாரான்னா, வந்துட்டாங்களான்னா? ஊட்டுக்காரர அவ வந்தாரு போனாருன்னுவா. என்னத்தான் வந்தாங்கன்னுவா. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். எது சொன்னா?"

நான் நினைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. "வந்துட்டாங்களான்னு சொன்னாங்க மாமா. ஒவ்வொரு வாட்டியும் அதேதான்."

அவர் என் கையை விட்டார். அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணனும் போதகர் ஐயாவும் வந்து தூக்கப் பார்த்தார்கள். எழவில்லை. வெயில் ஏறியது. புத்தூருக்குப் போகும் பஸ் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது.

ஆறுதலாக முடிக்கும்படி போதகர் ஐயா சொல்லியிருந்தார். எனக்கு ஆறுதல் எதுவும் தெரியவில்லை. அண்ணி எழுத வேண்டிய பரீட்சை அடுத்த வாரம் திருப்பதியில் நடக்கும். வேறு யாரோ எழுதுவார்கள். ஊர் இனிமேல் எந்த மாநிலத்தில் இருந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு அந்தக் கட்டிலருகில் ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொன்னவள் நான். இப்போது பதில் மாறிவிட்டது. சொல்ல வேண்டியவளும் நான்தான். அதை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன்.

அண்ணி, வந்துட்டாங்க.